ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத ஒன்பது பேர்: ‘ஃபெயில்’ முறை திரும்ப வேண்டுமா?

கரும்பலகை

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். ஊர் வேண்டாம். பள்ளி திறந்த இரண்டாம் வாரம், ஒன்பதாம் வகுப்புப் பலகையில் ஒரு வழிக்கணக்கை எழுதிவிட்டுக் கடைசி வரிசைப் பையன் ஒருவனை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்றான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். கூச்சப்படுகிறான் என்றுதான் நினைத்தேன். அருகில் போய்க் கேட்டபோது புரிந்தது. “ஒரு தொட்டியை” என்பதில் ‘தொ’வை அவனால் தாண்ட முடியவில்லை. ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தால் என்ன ஒலி என்பது அவனுக்குத் தெரியாது.

அடுத்த மூன்று நாட்கள் மதிய இடைவேளையில் 41 பேரையும் தனித்தனியாக அழைத்து இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். ஒன்பது பேரால் முடியவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் எட்டு ஆண்டுப் பதிவேட்டில் ‘தேர்ச்சி’ என்றுதான் இருக்கிறது. வளரறி மதிப்பீட்டில், அதாவது வகுப்பிலேயே ஆசிரியர் போடும் மதிப்பீட்டில், 40க்கு 32, 34 என்று மதிப்பெண்கள் வேறு.

2019–20இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டபோது ஆசிரியர் அறையில் இனிப்பு கொடுத்தவன் நான். இப்போது அந்த இனிப்பு தொண்டையில் நிற்கிறது. ஃபெயில் போட்டிருந்தால் இந்தப் பையன் மூன்றாம் வகுப்பிலாவது பிடிபட்டிருப்பானா? மனம் திறந்து பேசுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. பயம் போயிற்று. பயம் போனதும் பிள்ளைக்குப் படிப்பும் போயிற்று, ஆசிரியருக்குப் பொறுப்பும் போயிற்று, பெற்றோருக்கு அக்கறையும் போயிற்று. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கலாம், தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தவறினால் நிறுத்தலாம் என்று மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதற்கான விதிகளையும் வெளியிட்டுவிட்டது. தமிழ்நாடு ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பலகையில் பட்டியல் ஒட்டும் நாளன்று பிள்ளைகள் முகத்தில் இருந்த அந்த மரியாதை இப்போது இல்லை.

மூன்றாம் வகுப்பு இருமுறை

ஐயா, அந்தப் பட்டியலைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெரிய அக்காள் மூன்றாம் வகுப்பில் ஃபெயில். அடுத்த ஆண்டு அதே வகுப்பு, அதே வாத்தியார், அதே புத்தகம். இரண்டாம் முறையும் ஃபெயில். “பொட்டப்பிள்ளைக்கு இது போதும்” என்று என் அப்பா மாட்டைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார். அக்காளுக்கு இன்று 58 வயது. வங்கியில் கைநாட்டு. அவருக்குக் கீழே பிறந்த நான் எம்.காம்.

நீங்கள் பார்த்தது பட்டியலில் பெயர் இருந்தவர்களின் முகத்தை. பெயர் இல்லாதவர்கள் அடுத்த ஜூனில் உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கவே மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் அக்காள் கதை வருத்தம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பள்ளியைவிட்டு நிறுத்தியவர் தகப்பனார். தேர்வு அல்ல.

மூன்றாம் வகுப்பு இருமுறை

தகப்பனார் கையில் காரணத்தைக் கொடுத்தது எது, ஐயா?

திட்டவிலக்கம்

கல்விப் பொருளாதாரம் படித்தவன். இதைப் பற்றி ஓரளவு நல்ல ஆய்வுகள் உண்டு என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெயிலான பிள்ளையையும் பாஸான பிள்ளையையும் நேரடியாக ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. ஃபெயிலானவர் ஏற்கெனவே பின்தங்கியவர்தானே. அதனால் ஆய்வாளர்கள் எல்லைக்கோட்டில் நிற்பவர்களைப் பார்க்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 34 எடுத்தவனும் 35 எடுத்தவனும். இருவருக்கும் படிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒருவன் அதே வகுப்பில் உட்காருவான், மற்றவன் மேலே போவான். பல ஆண்டுகள் கழித்து இருவரும் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், நிறுத்தி வைத்ததன் விளைவு பிடிபடும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2002இல் ஒரு சட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்புத் தேர்வில் தேறாதவர் நான்காம் வகுப்புக்குப் போக முடியாது. ஷ்வெர்ட், வெஸ்ட், வின்டர்ஸ் ஆகிய மூவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பிள்ளைகளைப் பள்ளி இறுதி வரை தொடர்ந்தது. முதலில் நல்ல முன்னேற்றம். தங்கள் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அந்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது. அதே வகுப்பில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் பத்தாம் வகுப்பு வரைகூட நிற்கிறது. உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் கூடியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இனி மறுபக்கம். சிகாகோவில் 1996 முதல் 3, 6, 8 ஆகிய வகுப்புகளில், தேர்வில் தேறினால்தான் மேலே என்று கதவு போட்டார்கள். ஜேக்கப், லெஃப்க்ரன் இருவரும் ஆராய்ந்தபோது, எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் இடைநிற்றல் அதிகரித்திருந்தது. லூசியானாவில் எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பின்னாளில் வன்முறைக் குற்றங்களில் தண்டனை பெறும் வாய்ப்புகூட அதிகரித்ததாக இன்னொரு ஆய்வு. எட்டு வயதில் ஓராண்டு திரும்பப் படிப்பது வேறு, மீசை முளைக்கும்போது தம்பிகளோடு உட்காருவது வேறு. நம் திருத்தச் சட்டம் தேர்ந்தெடுத்த இரண்டு வகுப்புகளில் ஒன்று எட்டு என்பதைக் கவனியுங்கள்.

சந்தைக்கடை

அமெரிக்கக் கதையெல்லாம் நமக்கு எதற்கு? ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்ததைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

மட்டுறுத்துநர்

நிதிப் பிரச்சினைக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள். இங்கே ஒன்பது பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம்.

பெரம்பலூர் அப்பா

திட்டவிலக்கம் சார் சொல்வது சரியென்றால் மிசிசிப்பியை எப்படி விளக்குவீர்கள்? 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் அமெரிக்க மாநிலங்களிலேயே 49ஆம் இடம். அதே ஆண்டு ‘மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாவிட்டால் மேலே கிடையாது’ என்று சட்டம் போட்டார்கள். 2024இல் 9ஆம் இடம். ஏழை மாநிலம். நம்மைப் போல. ஃபெயில் போட்டார்கள், பிள்ளைகள் படித்தார்கள். கணக்கு முடிந்தது.

திட்டவிலக்கம்

முடியவில்லை. கேள்வி நல்ல கேள்வி, அங்கேயும் இதே சண்டைதான் நடக்கிறது. நன்றாக வாசிக்காத பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலேயே ஓராண்டு கூடுதலாக வைத்துக்கொண்டால், நான்காம் வகுப்பில் தேர்வு எழுதும் கூட்டம் தானாகவே மேம்பட்டதாகத் தெரியும் என்று ஒரு தரப்பு. அப்படிப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய ஏற்றத்தை அது மட்டும் விளக்காது என்று மறுதரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் பக்கம்தான் சாய்வு.

ஆனால் அந்தச் சட்டத்தில் ‘நிறுத்து’ என்பது ஒரு வரிதான். மீதி என்ன? எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே அனுப்பிய வாசிப்புப் பயிற்றுநர்கள். தொடக்க வகுப்பிலிருந்தே ஆண்டுக்கு மூன்று முறை சோதித்து, பின்தங்குபவரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. ஃபுளோரிடாவிலும் நிறுத்தப்பட்ட பிள்ளைக்குக் கோடை வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிடம் வாசிப்பு, நல்ல பெயர் எடுத்த ஆசிரியர் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மூன்றாம் வகுப்பு இருமுறை அம்மாவின் அக்காளுக்கு இரண்டாம் ஆண்டில் கிடைத்தது அதே வாத்தியார், அதே புத்தகம்.

நம் 2024 விதிகளில் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கு வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும், தலைமையாசிரியர் பட்டியல் வைத்திருந்து நேரில் கண்காணிக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடுதல் ஆள்? கூடுதல் நேரம்? விதியில் தேடிப் பாருங்கள்.

ஈராசிரியர் பள்ளி

நான் இடைநிலை ஆசிரியை. இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கரும்பலகை சாரின் முதல் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் கடைசியில் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறீர்கள். “ஐந்து வருடம் என்ன கிழித்தீர்கள்?” எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியரும் அந்த இருவரில் ஒருவர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். எமிஸ் இணையத்தளத்தில் மாணவர் விவரப் பதிவு, காலை உணவுத் திட்டக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஆதார் புதுப்பிப்பு. நடுவில் பாடம்.

சட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். 24ஆம் பிரிவைப் படித்தீர்களா? ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஃபெயில் போடாதே என்று சொன்ன அதே சட்டம்தான் இதையும் சொன்னது. 16ஐ எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அதற்குக் காசு செலவாகாது. 24க்கு ஆசிரியர் வேண்டும்.

2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். இரண்டாம் ஆண்டே அது பதிவேடாகிவிட்டது. பார்வையாளர் வந்தால் வளரறி ‘அ’, வளரறி ‘ஆ’ என்று கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் பையனின் 32 மதிப்பெண் அந்தக் கட்டத்திலிருந்து வந்ததுதான், சார். எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.

கரும்பலகை

டீச்சர், மன்னியுங்கள். உங்கள் வாசலில் வந்து நிற்கும் எண்ணம் இல்லை. ஆனால் நின்றுவிட்டேன் என்பது உண்மை.

ஒன்று கேட்கிறேன். 2022இலிருந்து ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தொடக்க வகுப்புத் திட்டம் இருக்கிறதே, அது எப்படி?

ஈராசிரியர் பள்ளி

அதைப் பற்றிக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து தெரியாதவள் அரும்பு. வகுப்பை வைத்து முத்திரை குத்தாமல் நிலையை வைத்துக் கற்பிக்க எனக்கு முதல் முறையாக அனுமதி கிடைத்தது. பாடல், அட்டை, பொம்மை என்று வகுப்பும் கலகலப்பாக இருக்கிறது. வயதான ஆசிரியர்கள் 2007 வாக்கில் வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் நினைத்து, “பழைய ஏணி, புதுப் பெயிண்ட்” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஆய்வுக்கு வருகிறவர் எத்தனை பேர் மலர் என்றுதான் கேட்கிறார். அரும்பு குறைந்தால் பாராட்டு. அதனால் அரும்புகள் தாளில் மலர்ந்துவிடுகின்றன. உண்மையில் மலராத ஒரு பிள்ளை அப்படித்தான் ஆறாம் வகுப்புக்கு வருவாள். உங்கள் ஒன்பது பேரும் கொரோனாவுக்குத் தொடக்க வகுப்பைப் பறிகொடுத்தவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திட்டவிலக்கம்

டீச்சர் சொன்ன கொரோனா விஷயத்துக்கு நம் மாநிலத்திலேயே தரவு உண்டு. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்தவர்களோடு 2021 டிசம்பரில் ஒப்பிட்டபோது, கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் தமிழில் 0.34 திட்டவிலக்கமும் சரிவு. என் புனைபெயருக்கு இப்போதுதான் வேலை வந்தது: மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு அது. மிகப் பெரிய சரிவு.

ஆனால் பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. யாரையும் நிறுத்தி வைக்காமலே. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்று அந்த ஆய்வு கணக்கிடுகிறது. தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான்.

பெரம்பலூர் அப்பா

அப்படியென்றால் மீதி மூன்றில் ஒரு பங்கு?

திட்டவிலக்கம்

கரும்பலகை சாரின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்களிடம் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. அது ஃபெயில் போடும் பரீட்சை அல்ல, நல்ல பாடசாலைக்கு வடிகட்டும் பரீட்சை. இருந்தும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரிய பரீட்சையை வைத்தால் வீடு என்னவாகும் என்பதற்கு நாங்கள் சாட்சி. மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடும். நான்காம் தரத்தில் விளையாட்டு நிற்கும். வெட்டுப்புள்ளி வெளிவந்த அன்று, அதற்குக் கீழே வந்த பிள்ளையின் வீட்டில் செத்தவீட்டு அமைதி. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பரீட்சையால் எந்த நன்மையும் இல்லை. ஆசிரியரின் கவனம் முழுவதும் சித்தியடையக்கூடிய பிள்ளைகள்மீதுதான் போகும். ஐந்தில் பொதுத்தேர்வு என்று ஆசைப்படுகிறவர்கள் ஒருமுறை கடல் தாண்டி வந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நண்பர் சொல்வதை மறுக்க முடியாது. நான் கேட்பது போட்டித் தேர்வு அல்ல. ‘இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். இப்போது யாரும் அதற்குக் கையெழுத்துப் போடுவதில்லை.

மூன்றாம் வகுப்பு இருமுறை

இதை ஏற்கிறேன், ஐயா. கையெழுத்துப் போடுவது ஆசிரியராகவும் தண்டனை அனுபவிப்பது பிள்ளையாகவும் இல்லாத வரை.

டிசி வாங்கியவள்

எல்லாரும் அரசுப் பள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். ‘ஃபெயில் இல்லை’ என்பது எட்டோடு முடிகிறது. ஒன்பதில் என்ன நடக்கிறது என்று தனியார் பள்ளிப் பெற்றோரைக் கேளுங்கள். என் மகன் படித்த பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு அழைத்தார்கள். “ஒன்பதிலேயே இன்னொரு வருடம் இருக்கட்டும், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள், வேறு பள்ளியில் பத்தாவது சேர்க்க நாங்களே உதவுகிறோம்.” வாசலில் ‘பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்ற பதாகை அந்த ஆண்டும் தொங்கியது. அந்த நூறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து அரசுப் பள்ளி என் மகனை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. பத்தாவதில் 287 எடுத்தான். 500க்கு. எனக்குப் போதும்.

கரும்பலகை

அம்மா, அரசுப் பள்ளியும் இதில் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரை மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைக்கிறார்கள். அதனால் ஒன்பதில் ‘வருகை குறைவு’ என்று சிலரை நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படிப் பார்த்தால், நாம் ஃபெயில் முறையை ஒழிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டிருக்கிறோம். திட்டவிலக்கம் சார் சொன்ன கணக்கில் அதுதான் மிக மோசமான வயது.

2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை எட்டு வரை ஃபெயில் இல்லை என்பதை உறுதிசெய்தது, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது. ஒன்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிய விவாதம் எதையும் நான் பார்க்கவில்லை.

பெரம்பலூர் அப்பா

ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியவர்களுக்குத்தான் ‘திறன்’ திட்டம் வந்திருக்கிறதே. அது போதாதா?

கரும்பலகை

என் ஒன்பது பேரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பயிற்சி நூல் வந்தது. கால அட்டவணையில் பாடவேளையும் இருந்தது. எங்கள் பள்ளியில் அந்தப் பாடவேளை பாதி நாள் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புக்குப் போய்விடுகிறது. யார் மீதும் பழி போட விரும்பவில்லை, எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

ஈராசிரியர் பள்ளி

சார், கோபம் தணிந்துவிட்டது, அதனால் யோசனை சொல்கிறேன். பாடவேளையை நம்பாதீர்கள். காலை வழிபாட்டுக்கு முன் 25 நிமிடம் பிடியுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன. ‘நுழை’யிலிருந்து ஆரம்பியுங்கள். உயிர்மெய் வரிசையை க, கா, கி என்று ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், ஒப்பித்துவிடுவார்கள், வாசிக்க மாட்டார்கள். கொம்பு வரும் எழுத்துகளை மட்டும் தனியாக எடுங்கள். இடப்பக்கம் எழுதுவதை வலப்பக்க எழுத்துக்குப் பிறகு ஒலிக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் முட்டுக்கட்டை. அவர்கள் முட்டாள்கள் அல்ல, அந்த ஒரு விஷயத்தை யாரும் நின்று சொல்லவில்லை.

இன்னொன்று. 14 வயதுப் பையன் பொம்மைப் படப் புத்தகத்தை மற்றவர் முன் திறக்க மாட்டான். செய்தித்தாளில் அட்டை போட்டுக் கொடுங்கள்.

கரும்பலகை

ஆறு வாரம் கழித்து வருகிறேன். இழையை மூடாமல் வைத்திருந்த மட்டுறுத்துநருக்கு நன்றி.

ஒன்பது பேரில் ஒருவன் திருப்பூருக்குப் போய்விட்டான், அவன் மாமா பனியன் கம்பெனியில் இருக்கிறார். இருமுறை வீட்டுக்குப் போனேன், பயனில்லை. ஒருத்திக்குப் பேருந்து எட்டே முக்காலுக்குத்தான், அவளுக்கு மதியம். மற்ற ஏழு பேர் காலையில் வருகிறார்கள். மழை நாளில் நான்கு பேர்.

செய்தித்தாள் அட்டை பலித்தது, டீச்சர். தொட்டிப் பையன் நேற்று ஒரு முழுப் பக்கம் வாசித்தான். மெதுவாக, விரலை ஓட்டிக்கொண்டு. ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்று, யோசித்து, தானே சொன்னான். பிறகு என்னிடம், “சார், என்னைப் பத்தாவதுக்கு அனுப்புவீர்களா?” என்று கேட்டான். தலைமையாசிரியரும் இதையே வேறு குரலில் கேட்கிறார். ஏப்ரலில் தேர்ச்சிப் பட்டியல் எழுத வேண்டும். இரண்டு பேருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்கள் நூலகத்தில் ‘நுழை’ வரிசை தீர்ந்துவிட்டது. ‘நட’ பதினொன்று இருக்கிறது. யார் பள்ளியிலாவது ‘நுழை’ மிச்சம் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.